தீபாவளிக்கு அவன் வீட்டிற்கு வருகிறானாம்!

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

நான் ஐந்தாம் படிவ மாணவி. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம் (2007இல் பெயர் மாறினாலும் தாத்தாவுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்). அப்பா குலை வெட்டுகிறார், அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார்.

வகுப்பில் ஒருவனை எனக்குப் பிடிக்கும். வீடு எங்கே என்று கேட்டான். பட்டணத்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டேன். அப்பா ஷா ஆலாம் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்றும் சொன்னேன். இப்போது பள்ளி முடிந்ததும் அந்தத் தாமான் முனை வரை அவனோடும் அவன் கூட்டாளிகளோடும் நடந்து, அவர்கள் போன பிறகு திரும்பி வந்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். ஏன் தாமதம் என்று அம்மா தினமும் திட்டுகிறார். நான் படும் பாடு அவருக்குப் புரியவில்லை.

என் தோழியும் எங்கள் தோட்டம்தான். "எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுகிறாள். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்படிச் செய்யலாமா? அம்மாவும் புரிந்துகொள்வதில்லை, இவளும் இப்படி. தம்பியும் எங்கள் பள்ளியில் புகுமுக வகுப்பில்தான் இருக்கிறான். சட்டையெல்லாம் அழுக்கு, மலாயும் சரியாக வராது, அதனால் பள்ளியில் என்னோடு பேசாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் பெரிய பையன்கள் அவன் காசைப் பிடுங்கிக்கொண்டார்களாம். அதைக்கூட அவன் என்னிடம் சொல்லவில்லை, பஸ் ஓட்டும் மாமாதான் சொன்னார். அது இருக்கட்டும். இப்போது எனக்குப் பிடித்தவன் கூட்டாளிகளோடு எங்கள் வீட்டுத் தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு வருகிறேன் என்கிறான். என்ன சொல்லித் தவிர்ப்பது? தோழியின் வாயை எப்படி அடைப்பது?

*

அன்பு மகளே,

"அது இருக்கட்டும்" என்று தாண்டிப் போனாயே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். அது இருக்கக் கூடாது, அம்மா.

பதினேழு வயதில் பிடித்தவன் முன்னால் கொஞ்சம் ஜோடித்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அதற்காக உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உன் நடை, அம்மாவின் திட்டு, தோழியின் மிரட்டல் எல்லாம் சில்லறை. உன் பொய்க்குப் பெரிய தொகையைக் கட்டிக்கொண்டிருப்பவன் உன் தம்பி.

புகுமுக வகுப்பு தண்டனையல்ல. தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வரும் பிள்ளைகள் மலாயில் தேறுவதற்கான ஓராண்டு, அவ்வளவுதான். ஆனால் தன்னோடு படித்தவர்கள் நேராக முதலாம் படிவத்துக்குப் போய்விட, பின்தங்கி நிற்கும் பையனுக்கு அது அப்படித் தெரியாது. அத்தனை பெரிய பள்ளியில் அவனுக்குச் சொந்தமான முகம் உன்னுடையது ஒன்றுதான். அதையும் பார்க்காதே என்றாய். அவன் கீழ்ப்படிந்தான். காசு பறிபோனபோதும் கீழ்ப்படிந்தான். அதைத்தான் "என்னிடம் சொல்லவில்லை" என்று அவன் மேல் குறையாக எழுதியிருக்கிறாய்!

வீட்டை மறைப்பதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வீட்டுக்கு அது தெரியாது, வலிக்காது. தம்பிக்குத் தெரியும். நீ சொன்ன பொய் எது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அக்காவுக்குத் தன்னால் அவமானம் என்பது நன்றாகவே தெரியும்.

உன் தோழி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மிரட்டுவது தவறுதான். ஆனால் உன் தோட்டத்தை நீ மறைக்கும்போது அவளுடைய தோட்டத்தையும் சேர்த்துத்தானே மறைக்கிறாய்? அவள் வாயை அடைக்க வழி கேட்காதே, அவளோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போ.

அந்தப் பையனைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. நாளை ஓய்வு நேரத்தில் தம்பியோடு உட்கார்ந்து சாப்பிடு. யார் இது என்று அவன் கேட்பான். என் தம்பி என்று சொல். மற்றக் கேள்விகள் தானாக வரும், அவற்றுக்கும் உள்ளதைச் சொல். அதன் பிறகும் தீபாவளிக்கு வருவதாக இருந்தால் வரட்டும்.

காசு விஷயத்தை அப்பா அம்மாவிடம் இன்றே சொல்லிவிடு. தம்பியைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் நீயே அழைத்துப் போ. அங்கே கேட்பார் இல்லையென்றால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஆனால் யாரிடமும் போவதற்கு முன்னால், பிடுங்கியது அந்த ஒரு முறைதானா என்று அவனிடம் கேள். பெரும்பாலும் இருக்காது.