சஃபோக்கில் ஒரு விவசாயியைத் தேடுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஒரு சிற்றூரில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய பண்ணை வீடு. பின்னால் இருக்கும் தானியக் களஞ்சியத்தின் செங்கல் சுவரில் ‘ஜே.எஸ். 1857’ என்று பொறித்திருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே இருந்த விவசாயி நொடித்துப்போய் ஊரைவிட்டே போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. ஊர் வரலாற்றுக்கு வரிக் கணக்குகள் எவ்வளவு உதவும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து இந்த மனிதர் மனதைவிட்டுப் போகவில்லை. இணையத்தில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் ஜான் ஸ்மித், ஜேம்ஸ் ஸ்மித் என்று சுற்றுவட்டாரம் முழுக்க ஜே.எஸ்.கள். “சொந்தக் கொள்ளுத்தாத்தா பேரே தெரியாது, வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேடுறியா?” என்று வீட்டில் கேலி வேறு. எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நிலத்தைப் பிடியுங்கள்.

அந்த இரண்டு எழுத்துகள் உங்கள் விவசாயியுடையவைதானா என்பதே சந்தேகம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலான விவசாயிகள் குத்தகைக்காரர்கள். வீடு, கொட்டில், களஞ்சியம் எல்லாம் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் கட்டிக்கொடுப்பது. கட்டியவர் தன் பெயரின் முதலெழுத்தையும் வருஷத்தையும் சுவரில் பதிப்பதும் உண்டு. அந்த ஜே.எஸ். உங்கள் ஊரில் ஒரு நாள்கூடத் தங்காத ஒருவராக இருக்கலாம். ஆட்கள் இடம் மாறுவார்கள், ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். வயல் நகராது. அதற்கு ஒவ்வொரு வருஷமும் யாரோ பணம் கட்டியாக வேண்டும், அந்தப் பெயரை யாரோ எழுதி வைத்தாக வேண்டும். அந்த வழியில் போனால் ஆள் தானாகக் கிடைப்பார்.

முதலில் பார்க்க வேண்டியது தசமபாக வரைபடம். விளைச்சலில் பத்தில் ஒன்று திருச்சபைக்கு என்று இருந்ததை 1836இல் சட்டம் போட்டுப் பணமாக மாற்றினார்கள். யார் எவ்வளவு கட்டுவது என்று தீர்மானிக்க ஊர் ஊராக அளந்து வரைபடமும் பட்டியலும் தயாரித்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சுமார் முக்கால்வாசிப் பரப்புக்கு இவை உண்டு. நடு இங்கிலாந்தில் பல ஊர்களுக்கு இல்லை, அங்கே பொதுநிலத்தை வேலியடைத்துப் பிரித்தபோதே தசமபாகத்தையும் தீர்த்துவிட்டார்கள். உங்கள் பக்கம் அந்தக் கவலை அநேகமாக இருக்காது. இப்ஸ்விச்சில் ‘தி ஹோல்ட்’ என்ற சஃபோக் ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் பிரதி உண்டு.

நம்மூர் அடங்கலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பட்டியல் உடனே பிடிபடும். வரைபடத்தில் உங்கள் வீடு இருக்கும் துண்டுக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே முதலில் சொந்தக்காரர் பெயர், அடுத்து அனுபவத்தில் வைத்திருப்பவர் பெயர். பிறகு வயலின் பெயர், உழவா மேய்ச்சலா, பரப்பு, கட்ட வேண்டிய தொகை. பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச் என்று இருக்கும். நான்கு ரூட் ஒரு ஏக்கர், நாற்பது பேர்ச் ஒரு ரூட். (இலங்கையில் இன்றும் வீட்டுமனையைப் பேர்ச் கணக்கில்தான் விற்கிறார்கள்.) அந்த இரண்டாவது பெயரைக் குறித்துக்கொண்டு, அதே பெயரில் வேறு எந்தெந்தத் துண்டுகள் இருக்கின்றன என்று பட்டியல் முழுக்கத் தேடி, வரைபடத்தின் நகலில் பென்சிலால் நிறம் அடித்துப் பாருங்கள். எங்கே கோதுமை போட முடிந்தது, மாட்டை எந்த வழியாக ஓட்டிப் போக வேண்டியிருந்தது என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். ஓர் ஆளின் அன்றாடத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் அரசாங்கக் காகிதம் வேறொன்று எனக்குத் தெரியாது.

ஆனால் இது 1857க்கு முந்தைய நிலவரமாக இருக்கும். பெரும்பாலான வரைபடங்கள் 1840களோடு முடிந்துவிட்டன. அங்கிருந்து கணக்கெடுப்புக்கு வாருங்கள். நாடு முழுக்க எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு 1841. அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 44 வயதுக்காரர் 40 என்று இருப்பார். அதை நம்பி ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடி ஏமாறாதீர்கள். 1851 முதல் 1881 வரை நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விவசாயி என்றால் எத்தனை ஏக்கர், எத்தனை ஆட்கள் என்றும் சொல்ல வேண்டும். 1851இல் 80 ஏக்கர், 3 ஆட்கள். 1861இல் 140 ஏக்கர், 5 ஆட்கள், 2 பையன்கள். 1871இல் அதே 140. 1881இல் அந்த வீட்டில் வேறொருவர், ‘பண்ணைக் காரியஸ்தர்’ என்ற வேலையோடு. இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தலையெடுத்ததும், நின்றதும், போனதும் நான்கு வரியில் இருக்கிறது. காரியஸ்தர் வந்துவிட்டார் என்றால், புதுக் குத்தகைக்கு ஆள் கிடைக்காமல் சொந்தக்காரரே நிலத்தை எடுத்து நடத்தினார் என்று ஊகிக்கலாம்.

ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சிலர் வீட்டோடு தங்கிய வேலைக்காரர்களைச் சேர்த்தார்கள், சிலர் சேர்க்கவில்லை. அப்புறம், மனைவியைக் கவனியுங்கள். பால், வெண்ணெய், கோழி, வேலைக்காரர்களின் சாப்பாடு என்று பண்ணையின் பாதி அவர் கையில் இருந்திருக்கும், கணக்கில் ‘விவசாயியின் மனைவி’ என்று ஒரு வரியோடு நிற்பார். கணவர் இறந்த பிறகு அடுத்த கணக்கெடுப்பில் அதே பெண் ‘விவசாயி’ ஆகி, ஏக்கரும் ஆட்களும் அவர் பெயருக்கு எதிரே வருவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். முப்பது வருஷம் செய்த வேலைக்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கிறது.

பத்து வருஷ இடைவெளியை நிரப்புவது ஏழை நிவாரண வரிப் புத்தகம். ஊர் வாரியாக, வருஷா வருஷம், சொந்தக்காரரும் அனுபவிப்பவரும் அதில் இருப்பார்கள். எல்லா ஊருக்கும் தப்பிப் பிழைக்கவில்லை. கிடைத்தால், ஒரு பெயர் மறைந்து இன்னொரு பெயர் வரும் வருஷத்தைத் துல்லியமாகப் பிடித்துவிடலாம். நிலம் பெரிய எஸ்டேட்டைச் சேர்ந்ததென்றால் அதன் குத்தகைப் பேரேடும் காப்பகத்துக்கு வந்திருக்கலாம். பாக்கி, தள்ளுபடி எல்லாம் அதில் இருக்கும்.

வருஷம் தெரிந்ததும் ‘இப்ஸ்விச் ஜர்னல்’ பத்திரிகையின் அந்த வருஷச் செப்டம்பர், அக்டோபர் இதழ்களைப் பாருங்கள். உங்கள் பகுதியில் குத்தகை பெரும்பாலும் செப்டம்பர் 29, மிக்கேல் திருநாளையொட்டித்தான் கைமாறும். போகிறவரின் குதிரை, மாடு, கலப்பை, வண்டி எல்லாம் ஏலத்துக்கு வரும் என்று விளம்பரம் வந்திருக்கும். திவாலானவர் என்றால் ‘லண்டன் கெசட்’ என்ற அரசிதழிலும் அறிவிப்பு இருக்க வேண்டும். பாட்டி சொன்னது உண்மையா என்று இங்கே தெரிந்துவிடும். வயதாகி விட்டுப் போனவரைக்கூட ஊர் நொடித்துப்போனார் என்று சொல்லும்.

நொடித்திருந்தால் காரணம் அவர் சோம்பல் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். 1879இல் கோடை முழுக்க மழை. கோதுமை வயலிலேயே கெட்டது, ஈரமான மேய்ச்சலில் ஈரல் புழு பிடித்து அடுத்த இரண்டு வருஷங்களில் ஆடுகள் லட்சக்கணக்கில் செத்தன. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்ற பழைய ஆறுதலும் அந்த முறை இல்லை. அமெரிக்கக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து இறங்கிவிட்டது. 1877இல் ஒரு குவார்ட்டர், அதாவது சுமார் 220 கிலோ, கோதுமை 56 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1894இல் 23 ஷில்லிங்கைத் தொடவில்லை. சஃபோக், எசெக்ஸ் போன்ற கோதுமைப் பகுதிகளுக்குத்தான் பலத்த அடி. அந்தக் கோதுமையில் நம் நாட்டுடையதும் இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1873இல் இந்தியக் கோதுமைக்கு இருந்த ஏற்றுமதி வரியை எடுத்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த வருஷங்களிலும் வட இந்தியாவிலிருந்து கோதுமைக் கப்பல் நிற்கவில்லை. உங்கள் விவசாயி விலை விழுந்து நொந்ததையும் இங்கே பஞ்சத்தில் போனவர்களையும் நான் சமமாக வைக்க மாட்டேன். ஆனால் இரண்டையும் ஆட்டிவைத்தது ஒரே வியாபாரம் என்பதை நினைக்காமல் 1881 கணக்கெடுப்பின் அந்த ஒற்றை வரியை என்னால் படிக்க முடியவில்லை.

இறப்புச் சான்றிதழ், கல்லறை, உயில் எல்லாம் எளிது. 1858 ஜனவரிக்குப் பிறகு இறந்தவர் என்றால் உயில்களுக்கு நாடு முழுமைக்கும் வருஷாந்தரப் பட்டியல் உண்டு, இணையத்திலேயே பார்க்கலாம். அதில் சொல்லும் தொகையில் அந்தக் காலத்தில் நிலத்தின் மதிப்பு சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதைவிட ஊர்ப் பள்ளியின் நாட்குறிப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். அரசு மானியம் வாங்கிய பள்ளிகளில் 1860களிலிருந்து தலைமை ஆசிரியர் அதை எழுதியாக வேண்டும். பையன்கள் பறவை விரட்டப் போனது, கல் பொறுக்கப் போனது, அறுவடைக்காகப் பள்ளியை மூடியது என்று எழுதியிருப்பார்கள். கணக்கெடுப்பில் ‘2 பையன்கள்’ என்று எண்ணாக மட்டும் நின்றவர்கள் அங்கே பெயரோடு வருவார்கள். உங்கள் விவசாயியைப் பற்றி அவருடைய கூலிகளின் பிள்ளைகள் வழியாகவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக் கேலியைப் பற்றி: நீங்கள் அந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிறீர்கள், அந்த வாசலைக் கூட்டுகிறீர்கள். அங்கே முன்பு இருந்தவர் யார் என்று கேட்க அதற்கு மேல் உறவு தேவையில்லை. கொள்ளுத்தாத்தாவையும் தேடுங்கள், அதற்கு வேறு பதிவேடுகள் இருக்கின்றன, தனியாக எழுதுகிறேன். இப்போதைக்குக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் ஊரின் பெயரைச் சொல்லி, தசமபாகப் பட்டியல், வரிப் புத்தகம், பள்ளி நாட்குறிப்பு மூன்றும் இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வரிப் புத்தகத்தில் எந்த வருஷம் பெயர் மாறுகிறது என்று தெரிந்ததும் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்