ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்றால் முட்டையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம். மகனுக்கு 9 வயது. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மழைக்காலத்தில் இரவில் வீசிங், முழங்கை மடிப்பில் அரிப்பு. ஆறு மாதம் முன்பு கோவையில் அலர்ஜிக்கான ரத்தப் பரிசோதனை செய்தோம். மொத்த ஐஜிஇ 980. முட்டை 0.9, பால் 0.5, கோதுமை 0.6, வேர்க்கடலை 0.7, இறால் 2.1, தூசிப் பூச்சி 46 என்று வந்தது. அதுவரை முட்டை, கடலை மிட்டாய் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான், ஒன்றும் ஆனதில்லை. இறால் நாங்கள் வாங்குவதே இல்லை. ரிசல்ட் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். பள்ளியில் சத்துணவு முட்டையும் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பையன் மெலிந்துவிட்டான், தும்மல் மட்டும் குறையவில்லை. இப்போது 200 உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். செய்யலாமா? என் கணவர் டீ ஃபேக்டரியில் தேயிலையைச் சலிக்கும் சிஃப்டிங் பிரிவில் இருக்கிறார். அவருக்கும் தும்மல், இருமல். ஆனால் ரத்தத்தில் எதுவுமே இல்லை என்று வந்தது. எப்படி?

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, ‘சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான், ஒன்றும் ஆனதில்லை’ என்பது. லேப் கொடுத்த எண்களைவிட இந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஐஜிஇ என்பது நம் உடல் தயாரிக்கும் ஒரு வகை எதிர்ப்பொருள். 1966-67-இல் அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜப்பானிய இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் ஜொஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வாமை உள்ளவர்களிடம் இது தோலிலும் மூக்கிலும் நுரையீரலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற பாதுகாப்புச் செல்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வாத பொருள் வந்து அதில் பட்டதும் அந்தச் செல்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வெளியாகும். தும்மல், தடிப்பு, வீசிங் எல்லாம் அதன் விளைவுதான்.

ரத்தப் பரிசோதனை அளப்பது அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான். 0.35-க்கு மேல் போனால் பல லேப்கள் பாசிட்டிவ் என்று போடுகின்றன. அந்தப் பொருளை உடல் அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. முட்டை சாப்பிட்டுச் சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, வாந்தி, மூச்சுத்திணறல் என்று நடந்திருந்தால், அப்போது 0.9 என்ற எண்ணும் பெரிய விஷயம். எதுவுமே நடக்காத குழந்தைக்கு அது வெறும் எண்.

இறால் கதை சுவாரஸ்யமானது. வீட்டில் வாங்காத இறாலுக்கு 2.1 எப்படி வந்தது? இறாலிலும் தூசிப் பூச்சியிலும் கரப்பானிலும் ட்ரோபோமயோசின் என்ற ஏறக்குறைய ஒரே மாதிரியான புரதம் இருக்கிறது. தூசிப் பூச்சிக்காக உருவான எதிர்ப்பொருள் பரிசோதனையில் இறாலோடும் போய் ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் மகன் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மொத்த ஐஜிஇ 980 என்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். தோல் அரிப்பு நோயிலும் குடற்புழு இருந்தாலும் அது ஏறும். பள்ளியில் தரும் புழு மாத்திரையை அவன் சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நாளைக்கே முட்டை கொடுத்துவிடலாமா? வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அரிப்பு நோய் உள்ள குழந்தை ஒத்துக்கொண்டிருந்த உணவைப் பல மாதங்கள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது, அபூர்வமாகச் சிலருக்கு நிஜமாகவே கடும் ஒவ்வாமை வருவதுண்டு. பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்தும் பெற்றோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். முதலில் வீசிங் கட்டுக்குள் வரட்டும். அப்புறம் குழந்தைகள் மருத்துவரிடம் கூட்டிப்போய், அவசர மருந்து கையில் இருக்கும் இடத்தில், முட்டையைச் சிறு துண்டிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்துப் பாருங்கள். பால், கோதுமை, கடலையையும் ஒவ்வொன்றாக அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். வளர்கிற பையனுக்குச் சத்துணவு முட்டை திரும்பக் கிடைத்தாக வேண்டும்.

இப்போது 46-க்கு வருவோம். தூசிப் பூச்சிக்கு வந்த இந்த எண்ணும், காலைத் தும்மலும், மழைக்கால வீசிங்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கிறது. உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையில் நாள்கணக்கில் வெயிலே வராது. ஜன்னலைத் திறப்பதில்லை, ரஜாயும் கம்பளியும் பஞ்சு மெத்தையும் காய்வதில்லை. அதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா?

தலையணை, மெத்தைக்கு நெருக்கமாக நெய்த ஜிப் உறை போடுங்கள். விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கம்பளியை அப்படித் துவைக்க முடியாது, அதனால் அவனுக்குப் பருத்திப் போர்வைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் போர்த்துங்கள். வெயில் அடிக்கிற நாளில் படுக்கை முழுவதும் வெளியே வரட்டும். சுவரில் பூஞ்சை பூத்திருந்தால் கட்டிலைத் தள்ளிப்போட்டால் போதாது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இவை எல்லாம் உதவும், ஆனால் இவை மட்டும் போதாது. மருத்துவர் மூக்கு ஸ்பிரேயும் இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

200 உணவுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் பார்ப்பது ஐஜிஜி என்ற வேறு எதிர்ப்பொருளை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு அது உருவாவது இயல்பு. ஒவ்வாமையைக் கண்டறிய அது உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2008-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சந்தேகம் தீராவிட்டால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்யலாம், கால் மணி நேரத்தில் முடிவு தெரியும். அதற்குச் சில நாள் முன்பே செட்ரிசின் போன்ற மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனைக்கு அந்தத் தேவை இல்லை.

கணவர் விஷயத்தில் நேர் எதிரான சிக்கல். லேப் பட்டியலில் எது இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் பதில் வரும். தேயிலைத் தூசி அந்தப் பட்டியலில் இருந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. சிஃப்டிங், பேக்கிங் பிரிவுகளில் பறக்கும் நுண்தூசியால் ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் பதிவான ஒன்று. எதிர்ப்பொருளே இல்லாமல் வெறும் எரிச்சலாலும் இருமல் வரலாம். அவரிடம் ஒன்று கேளுங்கள்: லீவு நாளில் குறைகிறதா, வேலைக்குப் போனதும் கூடுகிறதா? ஆமாம் என்றால், ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கி, வேலை நாளிலும் லீவு நாளிலும் தினம் நான்கு வேளை ஊதி, நான்கு வாரத்துக்கு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு நுரையீரல் மருத்துவரைப் பார்க்கட்டும். அதுவரை மூக்கோடு இறுக்கமாகப் பொருந்தும் என்-95 மாஸ்க் போடட்டும், துண்டைச் சுற்றிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. ஃபேக்டரி உடையை வெளியிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால் பையனுக்கும் நல்லது.