எஞ்சின் மாற்றிய பழைய ஜீப்பை விற்றேன், பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போடலாமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரைச் சேர்ந்தவன். அப்பா வைத்திருந்த 1972-ஆம் வருடத்து மகிந்திரா சிஜே 3பி ஜீப்பை இரண்டு வருடம் பாடுபட்டு, 11 லட்ச ரூபாய் செலவழித்துப் புதுப்பித்தேன். பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கி ஷெட்டில் வைத்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் வாங்கிய டீசல் எஞ்சினை ஏற்றினேன். பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், பெரிய டயர் எல்லாம் போட்டேன். மூணாறு பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் 9.25 லட்சத்துக்குப் பேசி, 6 லட்சம் கொடுத்து எடுத்துப்போனார். மீதி 3.25 லட்சம் பெயர் மாறியதும் தருவதாகப் பேச்சு. படிவங்களில் கையெழுத்துப் போட்டு, வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) எடுத்துக் கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது. கேரள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இப்போது 6 லட்சத்தோடு அவர் போட்ட வின்ச்சுக்கு (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) 60,000 ரூபாயும் சேர்த்துத் திருப்பிக் கேட்கிறார். இல்லையென்றால் போலீஸ், நுகர்வோர் கோர்ட் என்று மிரட்டுகிறார். வண்டியைப் பார்த்து, ஓட்டி, படம் எடுத்துத்தான் வாங்கினார். ஜீப் ஆர்வலர்கள் நடுவில் என் பெயரைக் கெடுத்துவிட்டார். பாக்கிப் பணத்துக்கும் மானநஷ்டத்துக்கும் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அந்த மனிதர் பேசிய பேச்சைப் பற்றியது. மெக்கானிக் இழுத்தடித்தது, அப்பாவின் ஆசை, நீங்கள் கண்விழித்துச் செய்த வேலை எல்லாம் விரிவாக இருக்கிறது. வருத்தம் நியாயமானது. ஆனால் அதில் ஒன்றும் இந்த விவகாரத்தின் முடிவை மாற்றாது. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இன்ஷூரன்ஸ் மூன்று மாதம் முன்பே முடிந்துவிட்டது, அதைப் புதுப்பிப்பது அவர் வேலை, வண்டியில் கெஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு மலையில் சுற்றுகிறார்.” எனக்குத் தூக்கம் கெடுக்கிற வரி அது. உங்கள் பெயரில் பதிவான ஒரு வண்டி, இன்ஷூரன்ஸ் இல்லாமல், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றி, மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 3.25 லட்சத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர் என்பவர், வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். பணம் வாங்கிக்கொண்டேன், சாவி கொடுத்துவிட்டேன், கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பதெல்லாம் உங்கள் இருவருக்குள். விபத்தில் அடிபட்டவருக்கு அது சம்பந்தமில்லை. பல கை மாறிப்போன ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு, அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. பாலிசி நடப்பில் இருந்திருந்தால் மூன்றாம் நபர் இழப்பீட்டுக்குக் கம்பெனியிடம் போக ஒரு வழியாவது இருந்திருக்கும். அப்போதும், சொந்த உபயோக வண்டியில் கட்டணத்துக்கு ஆள் ஏற்றியதைக் காட்டிக் கம்பெனி கைவிரிக்கும், அல்லது கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கப் பார்க்கும். இப்போது பாலிசியே இல்லை. தீர்ப்பாயம் விதிக்கும் தொகை நேராக உங்கள் வீட்டுக்கும் சம்பளத்துக்கும் வரும். வழக்கும் கேரளாவில்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். அடிபட்டவர் தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். சுற்றுலா வந்தவர் எந்த மாநிலத்துக்காரராகவும் இருக்கலாம்.

ஆகவே இன்றைக்கே வாங்கியவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: பாலிசி இல்லை, பெயர் மாறவில்லை, வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பும் போதும், கூடவே ஒரு ஸ்பீட் போஸ்ட்டும் போகட்டும். இதனால் உங்கள் பொறுப்பு மறைந்துவிடாது. ஆனாலும் நாளைக்கு ஏதாவது நடந்தால், தெரிந்தே வேடிக்கை பார்த்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம், பெயர் ஏன் மாறவில்லை என்ற கேள்வி. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது, வண்டியில் டீசல். எஞ்சின் நம்பரும் வேறு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி இப்போதிருக்கிற நிலையில் அதை அவர் பெயருக்கு மாற்ற நேரான வழி இல்லை. பெயர் மாறினால்தான் பாக்கி என்பது நீங்களே ஒத்துக்கொண்ட நிபந்தனை. அந்த நிபந்தனை நிறைவேற முடியாமல் போனதற்குக் காரணம் நீங்கள் செய்த வேலை.

“பார்த்துத்தானே வாங்கினார்” என்கிறீர்கள். ஓரளவு சரி. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு டீசல் வண்டியை ஓட்டிப்போனவர், எனக்கு ஒன்றும் தெரியாது என்று முழுக்கச் சொல்ல முடியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்கிற வாதத்துக்கு ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் தெரிந்தே சொன்ன பொய்க்கு அந்த இடம் கிடையாது. நீங்கள் அனுப்பிய செய்திகளை நான் படித்தேன். “பேப்பர் எல்லாம் கிளியர், 50 வருஷம் தாண்டிய வண்டி, வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்துக்கலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினை மாற்றியவரே நீங்கள்தான் என்னும்போது, பேப்பர் கிளியர் என்ற சொல்லை எந்த நீதிபதியும் அறியாமல் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வின்டேஜ், அதாவது பழம்பெரும் வண்டி என்ற பதிவு விஷயமும் அப்படித்தான். 2021-ல் வந்த விதிகளின்படி வண்டிக்கு முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருந்தால் மட்டும் போதாது. சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். வின்டேஜ் வண்டிக்கான எழுத்தோடு நம்பர் பிளேட் கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. ஹோம்ஸ்டேக்காரருக்கு அது எந்த விதத்திலும் பயன்படாத பதிவு. சிஜே 3பி-யின் பானெட் அவ்வளவு உயரமாக இருப்பதே உள்ளே இருந்த அந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினுக்காகத்தான். வண்டியின் மதிப்பில் பெரும்பங்கை நீங்கள் ஷெட்டில் இறக்கி வைத்துவிட்டீர்கள். நல்லவேளை, விற்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இதே மாதிரி விவகாரத்தோடு வருகிறவர்கள் கெட்டுப்போவது இந்த இடங்களில்தான்.

முதலாவது, கோபத்தில் அனுப்பும் வக்கீல் நோட்டீஸ். பாக்கி கேட்டு நோட்டீஸோ வழக்கோ போட வேண்டுமானால், என்ன வண்டி, என்ன வேலை செய்தேன், எதற்கு இவ்வளவு விலை என்று நீங்களே எழுத வேண்டும். எஞ்சின் மாற்றினேன், பிரேக் மாற்றினேன், ஸ்டீயரிங் மாற்றினேன் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்துப் போடுவீர்கள். எதிர்த்தரப்பு வேறு சாட்சி தேட வேண்டியதே இல்லை. 11 லட்சம் செலவானதைக் காட்ட நீங்கள் இணைக்கும் ஒவ்வொரு பில்லும் 182ஏ-க்கு ஒரு சான்று. இவ்வளவும் செய்த பிறகு, சட்டம் தடுத்த ஒன்றை வைத்துப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் முடிவெடுத்தால் பாக்கி போவதோடு நிற்காது. செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கிய பயனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. கையில் இருக்கிற 6 லட்சமும் கேள்விக்குள்ளாகும். “உள்ளது உள்ளபடி வாங்கினேன்” என்று அவரிடம் எழுதி வாங்கியதைப் பெரிதாக நம்பியிருக்கிறீர்கள். கீறல், தேய்மானம், எண்ணெய்க் கசிவு போன்றவற்றுக்கு அது கைகொடுக்கும். சட்டம் தடுத்ததை அந்த வரியால் அனுமதிக்க வைக்க முடியாது.

இரண்டாவது, நம்பர் பஞ்ச். யாராவது ஒருவர் கட்டாயம் வந்து சொல்வார்: எஞ்சின் பிளாக்கில் இருக்கும் நம்பரைத் தேய்த்துவிட்டு ஆர்.சி.யில் இருக்கிற நம்பரை அடித்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்று. வாங்கியவரே சொல்லலாம், ஏஜென்ட் சொல்லலாம். கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பக்கம் போகாதீர்கள். அபராதம் கட்டி முடிய வேண்டிய ஒன்றை மோசடி வழக்காக மாற்றிக்கொள்ளும் வழி அது. அதுவும் அந்த டீசல் எஞ்சினைப் பில் இல்லாமல் வாங்கியிருக்கிறீர்கள். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்து, அதன் நம்பரை நீங்கள் அழித்ததாகவும் ஆகிவிட்டால், தெரியாமல் வாங்கினேன் என்று எந்த போலீஸ் நிலையத்தில் சொல்லி நம்ப வைப்பீர்கள்?

மூன்றாவது, கை மாற்றிவிடுவது. “நீங்களே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள், எனக்குப் பணம் வேண்டாம்” என்று அவரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் கையெழுத்துப் போட்ட, தேதியில்லாத 29, 30 படிவங்கள் (பெயர் மாற்றத்துக்கானவை) அவரிடம் இருக்கின்றன. அவர் கொடுத்தவர் யார், அவரிடம் வாங்கியவர் யார் என்று தெரியாமல், வண்டி மட்டும் உங்கள் பெயரில் ஓடும்.

போலீஸ் புகார், நுகர்வோர் கோர்ட் இரண்டும் பெரிதாகப் பயப்பட வேண்டியவை இல்லை. சொந்த வண்டியை ஒருமுறை விற்றவர் வியாபாரி ஆக மாட்டார். ஆனால் “இன்னும் இரண்டு ஜீப் ஷெட்டில் ரெடியாகிறது, விற்கத்தான்” என்று அவரிடம் பெருமையாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை இனி யாரிடமும் பேசாதீர்கள். வியாபாரமாகச் செய்கிறீர்கள் என்று நிலைநாட்டினால் நுகர்வோர் சட்டமும் உள்ளே வரும், 182ஏ-யில் டீலருக்கு உள்ள ஒரு லட்ச ரூபாய் அபராதமும் பேச்சுக்கு வரும். போலீஸைப் பொறுத்தவரை, ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்ததா என்பதுதான் கேள்வி. அங்கே உங்களுக்கு எதிராக நிற்பது அந்த ‘பேப்பர் கிளியர்’ செய்திதான். அதை இப்போது அழிக்காதீர்கள். அவர் போனில் அது இருக்கும், அழித்தது மட்டும் உங்கள் குற்ற உணர்வாகத் தெரியும்.

ஆக என் யோசனை ஒன்றே ஒன்று: சமரசம். வண்டியைத் திரும்ப எடுங்கள், 6 லட்சத்தைக் கொடுங்கள். எட்டு மாதம் விருந்தினர்களை ஏற்றிச் சம்பாதித்திருக்கிறார், அதைச் சொல்லி வின்ச்சின் 60,000 ரூபாயைக் குறைக்கப் பாருங்கள். வின்ச்சைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. அதற்கும் ஒத்துவரவில்லையா, கொடுத்துத் தொலையுங்கள். ஒரு விபத்தின் முன் அது பெரிய தொகை இல்லை. மானநஷ்ட வழக்கு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் இனிமேல் எதிராக எழுதுவதில்லை என்று சமரச ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு அதுவே லாபம்.

வண்டி ஓடி வரக்கூடாது, ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் வர வேண்டும். ஆர்.சி., என்.ஓ.சி., கையெழுத்திட்ட படிவங்கள் என்று அசல் எல்லாம் கைக்கு வந்த பிறகே பணம், அதுவும் வங்கி வழியாக. அவரிடம் வண்டி இருந்த தேதிகளை எழுதி, அந்தக் காலத்தில் விபத்தோ புகாரோ இல்லை, இருந்தால் தன் பொறுப்பு என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த உறுதி உங்கள் இருவருக்குள் மட்டும் செல்லும், அடிபட்டவரை அது கட்டுப்படுத்தாது. அதனால் கையெழுத்துக்கு முன் நிலுவை அபராதங்களை ஆன்லைனில் பார்ப்பதோடு, அங்கே அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

இரண்டு வாரத்தில் அவர் ஒத்துவரவில்லை என்றால், வண்டியை ஒப்படைத்த விவரத்தை நீங்களே பதிவு அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தாமதம்தான், மாற்றங்களுக்கு அபராதமும் வரலாம். வரட்டும்.

ஜீப் வந்து சேர்ந்ததும் பழைய எஞ்சினைப் பூட்டுங்கள். மற்ற மாற்றங்களில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று மோட்டார் வாகன ஆய்வாளரிடம் முன்னதாகவே கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். என்.ஓ.சி.யை ரத்து செய்ய மறக்க வேண்டாம். பாடியை வெட்டவோ சேசிஸை நீட்டவோ செய்யவில்லை என்றால் வின்டேஜ் பதிவுக்கும் வழி திறக்கும். அப்படியே சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்றால் நீங்கள் கேட்கிற விலை நியாயமாகவே கிடைக்கக்கூடும். டீசல் எஞ்சினை மட்டும் அவசரப்பட்டு யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். விற்ற கடைக்காரரிடம் அது எந்த வண்டியுடையது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் நம்பரோடு உங்கள் வக்கீலிடம் போங்கள்.

சமரச ஒப்பந்தத்தை அவர் தரப்பு தயாரித்தால், “மாற்றங்கள் எல்லாம் தெரிந்தே வாங்கினேன்” என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த ஒரு வரிக்காகக் கையெழுத்தை நிறுத்தி வைக்காதீர்கள், வண்டி முதலில் வீட்டுக்கு வரட்டும்.