‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’: கேள்வி பதில்

ஆர்தர் மில்லரின் இந்த நாடகம் நியூயார்க் மொரோஸ்கோ அரங்கில் 1949 பிப்ரவரி 10 அன்று மேடையேறியது. வில்லி லோமன் என்ற வயதான விற்பனையாளரின் கதை. இரண்டு அங்கங்கள், கடைசியில் இடுகாட்டில் ஒரு சிறு காட்சி. எந்த அங்கம் என்று சொல்லிக் கேட்டால் எனக்கு வேலை மிச்சம்.

நாடகக் குழு: முதல் அங்கத்தை மட்டும் போடுகிறோம். கையில் இரண்டே விளக்குகள். ஃப்ளாஷ்பேக்குகளை எப்படிக் காட்டுவது சார்?

முதலில் ஃப்ளாஷ்பேக் என்று சொல்வதை விடுங்கள். அப்படி நினைத்தால் நடிப்பு கெட்டுவிடும். 63 வயது வில்லியின் தலைக்குள் அன்றும் இன்றும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பக்கத்து வீட்டு சார்லியோடு சீட்டாடும்போதே செத்துப்போன அண்ணன் பென் வந்து நிற்கிறான். வில்லி இருவருக்கும் பதில் சொல்ல, ‘என்னையா பென் என்றாய்?’ என்று சார்லி விழிக்கிறார்.

வழி நூலிலேயே இருக்கிறது. நிகழ்காலத்தில் எல்லோரும் இல்லாத சுவரை மதித்து இடப்பக்க வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பழைய காட்சிகளில் சுவரைத் தாண்டி முன்மேடைக்கு வரலாம். தரையில் நாடா ஒட்டி ஒத்திகை பாருங்கள். நிகழ்காலத்தில் ஒரே ஒருவர் கோட்டை மிதித்தால் போதும், பார்ப்பவருக்குக் காலம் குழம்பிவிடும். வில்லியின் தலைமுடிக்கு டை அடித்து இளமையாக்க வேண்டாம். பழைய காட்சிகளில் வீடு முழுக்க இலை நிழல் படர வேண்டும். தகரத்தில் இலை வெட்டி ஒரு விளக்கின் முன் நிறுத்துங்கள். அட்டை வைத்தால் சூட்டில் கருகும்.

கே: வில்லி என்னதான் விற்கிறார்?

நாடகத்தில் இல்லை. மில்லரிடம் கேட்டபோது, ‘தன்னையே’ என்றார்.

எம்.ஏ. மாணவி: பணமில்லாததுதான் வில்லியின் பிரச்சினையா?

கணக்கைப் பார்த்தால் பதில் கிடைக்கும். முதல் அங்கத்தின் பழைய காட்சியில் 1,200 டாலருக்கு விற்றதாக வில்லி அளக்கிறார். மனைவி லிண்டா பென்சிலை எடுத்ததும் அது 200 ஆகச் சுருங்குகிறது. கமிஷன் 70 டாலர் சொச்சம். ஃபிரிட்ஜுக்கு 16, வாஷிங் மெஷினுக்கு 9.60, கூரைக்கு 21 என்று அவள் அடுக்க அடுக்க, 15ஆம் தேதிக்குள் சுமார் 120 டாலர் வேண்டியிருக்கிறது.

இரண்டாம் அங்கத்தில் முதலாளி ஹோவர்டிடம் வில்லி வாரச் சம்பளம் 65 டாலர் கேட்டு, 50க்கு இறங்கி, 40க்கு வருகிறார். நடிகர்கள் இதை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் நடுவில் ஹோவர்டின் மறுப்பு காதில் விழ வேண்டும். வேலையே போகிறது. அடுத்து சார்லியிடம் போகிறார். ஊர் சுற்ற வேண்டாத வேலை, வாரம் 50 டாலர் என்கிறார் சார்லி. 40க்குக் கெஞ்சியவர் 50ஐ மறுக்கிறார்! ஆனால் அதே சார்லியிடம் கடன் மட்டும் வாங்கிக்கொள்கிறார். பணம் மட்டும்தான் பிரச்சினை என்று எழுதினால் இந்த மறுப்பை விளக்கவே முடியாது.

கே: வில்லியை வேறொரு பெண்ணுடன் மகன் பிஃப் பார்த்துவிடும் பாஸ்டன் ஃப்ளாஷ்பேக் எந்த அங்கம்?

இரண்டாவது. ஃப்ளாஷ்பேக் இல்லை. மேலே படியுங்கள்.

கே: கடைசியில் வில்லி காரை ஓட்டிப்போய்ச் சாவது தற்கொலை என்றால் 20,000 டாலர் காப்பீடு லிண்டாவுக்குக் கிடைக்குமா?

மில்லர் சொல்லவில்லை. கொடுக்க மறுக்கலாம் என்று பென் எச்சரிக்கிறான். முந்தைய கார் விபத்துகளையே நிறுவனம் சந்தேகிப்பது முதல் அங்கத்தில் வருகிறது.

காப்பீட்டுத் துறை வாசகர்: கிடைக்கும் சார். தற்கொலை விலக்கு பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான். வில்லியுடையது பழைய பாலிசி.

பழையது என்று நூலில் எங்கே இருக்கிறது? பிரீமியம் 108.68, கிரேஸ் பீரியட் (கெடு தாண்டியும் கட்டத் தரும் அவகாசம்) ஓடுகிறது என்று லிண்டா சொல்வது மட்டும் இருக்கிறது. அதற்காகத்தான் வில்லி சார்லியிடம் 110 கேட்கிறார். அதைக் கட்டியதாகக் காட்சி கிடையாது. உணவகத்திலிருந்து கிளம்பி விதை வாங்கப் போகிறார்.

காப்பீட்டுத் துறை வாசகர்: கட்டாவிட்டாலும் கிரேஸ் பீரியடில் பாலிசி உயிரோடுதான் இருக்கும். பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இடுகாட்டில் இருபதாயிரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. லிண்டா சொல்வதெல்லாம் வீட்டுக் கடனின் கடைசித் தவணை கட்டியாயிற்று, பல் மருத்துவர் பாக்கிகூட முடிந்தது என்பதுதான். அந்த மௌனத்தை நாம் காசோலை எழுதி நிரப்ப வேண்டாம்.

கே: அமெரிக்கக் கனவு, 10 மதிப்பெண், உதவவும்.

இதோடு மூன்று பேர் கேட்டாயிற்று. விடை எழுதித் தர மாட்டேன். ஒரு குறிப்பு: 84 வயதிலும் ஹோட்டல் அறையில் இருந்தபடி தொலைபேசியிலேயே விற்ற டேவ் சிங்கிள்மேனையும், 17 வயதில் காட்டுக்குள் போய் 21இல் பணக்காரனாக வந்த பென்னையும் ஒரே கனவாக்காதீர்கள். முதலாமவர் ஊரார் அன்பைச் சம்பாதித்தவர். பென்னுக்கு யார் அன்பும் தேவைப்படவில்லை. வில்லி இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

கே: அரசனோ மாவீரனோ இல்லாமல் துன்பியல் நாடகம் ஆகுமா?

ஆகும் என்று மில்லர் 1949 பிப்ரவரி 27 நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுதினார். ஆனால் கடைசியில் உண்மையை உணர்வது மகன் பிஃப், நாயகன் வில்லி அல்ல. எதிர்த்து வாதாட அந்த இடத்தைப் பிடியுங்கள்.

கே: படிக்க நேரமில்லை. படம் பார்த்தால் போதுமா?

1985இல் டஸ்டின் ஹாஃப்மன் நடித்தது இருக்கிறது. தேர்வு என்றால் நூலைப் படியுங்கள். சுவரைப் பற்றிய அந்த மேடைக்குறிப்பு படத்தில் காதில் விழாது.