குவீன்ஸ்லாந்தில் மூன்று வாரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கட்டுரை ஒன்றில் "ரிசர்விஸ்ட்டாக ஆஸ்திரேலியா போயிருந்தபோது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அலுவலக வேலையில் இருக்கும் ஒருவர் எப்படி இன்னொரு நாட்டில் சிப்பாயாக இருந்தார் என்பது இங்கிருக்கும் எனக்குப் புரியவில்லை. எதற்காக அவ்வளவு தூரம் போனீர்கள்? படையில் தமிழுக்கு இடம் உண்டா? போரே நடக்காத இடத்தில் பெற்றதைப் போர் அனுபவம் என்று சொல்லலாமா? படங்கள் இருந்தால் வெளியிடுங்களேன்.

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

சிங்கப்பூரில் 1967 முதல் ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். பதினெட்டு வயதையொட்டி முழுநேரமாகச் சேர்ந்து, இப்போது இரண்டு ஆண்டுகள், என் காலத்தில் இரண்டரை ஆண்டுகள், முடித்துவிட்டு வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பிவிடுகிறோம். ஆனால் படை எங்களை விட்டுவிடுவதில்லை. அதன் பிறகும் பல ஆண்டுகளுக்கு, ஆண்டில் அதிகபட்சம் 40 நாள் வரை, முகாமுக்கு அழைக்கலாம். இப்படி அழைக்கப்படுபவரைத்தான் 'ரிசர்விஸ்ட்' என்பார்கள். 1994இல் அந்தச் சொல்லை அரசு கைவிட்டு, 'போருக்குத் தயார்நிலையில் உள்ளவர்' என்று பொருள்படும் நீண்ட பெயரைச் சூட்டியது. காப்பிக் கடையில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "அடுத்த வாரம் ரிசர்விஸ்ட்" என்றால் மேலாளருக்கும் புரியும், மனைவிக்கும் புரியும்.

வெளிநாட்டுக்குப் போவது இடமில்லாத குறையால்தான். சில வகை 155 மில்லிமீட்டர் பீரங்கிகளின் குண்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பாயும். எங்கள் தீவின் வடகரையிலிருந்து தென்கரைக்கு அந்தத் தூரம்கூட இல்லை. அதனால் 1975 முதல் தைவானிலும், 1990 முதல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ராக்ஹேம்டன் நகரத்துக்கு வடக்கே உள்ள ஷோல்வாட்டர் பே பயிற்சி வெளியிலும் சிங்கப்பூர்ப் படை பயிற்சி செய்கிறது. இரண்டாவதற்கு 'வாலபி' என்று பெயர். அந்த வெளி மட்டுமே சிங்கப்பூரைப்போல் பல மடங்கு பெரியது என்று புறப்படும் முன்னரே சொன்னார்கள். அந்த அளவு எதையும் எனக்கு உணர்த்தவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அனுபவம் விமானத்தில் தொடங்கவில்லை, பல் துலக்கும் பிரஷ்ஷில் தொடங்கியது. ஆஸ்திரேலியர்கள் அயல் மண்ணையும் விதையையும் தங்கள் நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால், வங்கி அதிகாரியும் பள்ளி ஆசிரியரும் லாரி ஓட்டுநருமாக நாங்கள் முப்பது பேர் முகாமின் கால்வாய் ஓரம் குந்தி, பூட்ஸின் அடிப்பள்ளங்களில் ஒட்டியிருந்த உள்ளூர்க் களிமண்ணை ஒரு மாலை முழுவதும் சுரண்டினோம். என் பிரிவிலிருந்த இன்னொரு தமிழர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், மனைவி கட்டிக் கொடுத்த மாங்காய் ஊறுகாயை அன்றிரவே எங்களுக்குப் பங்கிட்டுத் தீர்த்துவிட்டார். எல்லையில் குப்பைத் தொட்டிக்குப் போவதைவிட வயிற்றுக்குள் போகட்டும் என்பது அவர் வாதம்.

எனக்கு வானொலிக் கருவி சுமக்கும் வேலை. இரண்டாம் நாள் காலை, எங்களைவிட வயதில் இளையவரான படைப்பிரிவுத் தலைவர் எதிரே தெரிந்த மரவரிசையைக் காட்டி, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். இருபது நிமிடம் என்று நானே கணக்குப் போட்டு, அதை எங்களுக்கு மேலுள்ள படை அணியான கம்பெனிக்கும் கருவியில் அறிவித்துவிட்டேன். கட்டடங்களுக்கு நடுவே வளர்ந்த கண் என்னுடையது. எங்கள் காட்டில்கூட ஏதாவது ஒரு திசையில் அடுக்குமாடி விளக்கு தெரியும், விரைவுச்சாலையின் இரைச்சல் கேட்கும், அவற்றை வைத்தே தூரத்தை அளந்து பழகிவிட்டோம். அங்கே அளக்க எதுவும் இல்லை. நடக்க நடக்க மரவரிசை இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பெனியிலிருந்து "எங்கே இருக்கிறீர்கள்" என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்றாம் முறை குரலில் மரியாதை இல்லை. ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். கோலாலம்பூர் வரை சரக்கு லாரி ஓட்டிப் பழகிய மலாய் நண்பர் ஒருவர் மட்டும் தொடக்கத்திலேயே "ஜாவ்" என்று சொல்லியிருந்தார். தொலைவு என்று பொருள். நான்தான் காதில் வாங்கவில்லை.

தமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அணிவகுப்பில் கட்டளைகள் மலாயில் வரும்: 'செடியா' என்றால் விறைத்து நில், 'செனாங் டிரி' என்றால் தளர்ந்து நில். வேலைப் பேச்சு ஆங்கிலம். திட்டுவதற்கு எந்த இனத்தவரும் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியைத்தான் நாடுவார்கள். தமிழ் இரவுக் காவலுக்கு உரியது. ஊறுகாய் பங்கிட்ட அந்த அண்ணனும் நானும் ஒரே காவல் முறைக்குப் பெயர் கொடுத்து, பல்லை உடைத்துவிடும்போலிருந்த ரேஷன் பிஸ்கட்டைக் காப்பியில் ஊறவைத்தபடி, அவருடைய வீட்டுக் கடனைப் பற்றியும் என் அப்பாவின் முழங்காலைப் பற்றியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்போம். அக்டோபர் மாதம், பகலில் தோல் உரியும் வெயில், அதிகாலை நாலு மணிக்குக் குளிர் எலும்பைத் தொடும். வீட்டில் தலைக்கு நேர் மேலே கடந்து போகும் திருவாதிரை அங்கே வடக்கே சரிந்து, தன் கூட்டத்தோடு தலைகீழாக நின்றது. இருட்டு என்பதையே நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். தார்ப்பாய்க்கு அப்பால் ஏதோ தாவும் ஓசை கேட்டு விளக்கடித்தால், இரண்டு சிவந்த கண்கள். கங்காரு. அதுவும் நாங்களும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி, போர் அனுபவம். இல்லை. எங்களை நோக்கி யாரும் சுடவில்லை. எதிரியாக வந்தவர்களும் மாலையில் எங்களோடு வரிசையில் நின்று சோறு வாங்கியவர்கள்தான். இந்தத் தளத்தைப் படிப்பவர்களில் உண்மையான போருக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஈழத்தவர்கள் உண்டு; அவர்கள் முன்னால் அந்தச் சொல்லை என்னுடையதாக எடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் விளையாட்டு என்றும் சொல்ல மாட்டேன். இரவில் உண்மைக் குண்டுகளோடு சுடும் பயிற்சியில், பக்கத்திலிருப்பவர் எங்கே படுத்திருக்கிறார் என்பதை நொடிக்கு நொடி அறிந்திருக்க வேண்டிய அச்சம் உண்மையானது. தொந்தியும் மூட்டுவலியும் வந்துவிட்ட முப்பத்து மூன்று வயதில், ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் பார்க்கும் ஒருவரை அந்த அளவுக்கு நம்ப வேண்டியிருந்ததுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. லாரி நண்பரின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. சட்டையில் தைத்திருந்த பெயர்ப்பட்டையே போதுமாக இருந்தது.

படங்கள் இல்லை. அக்காலத்தில் கேமரா உள்ள கைப்பேசிக்கு முகாமில் அனுமதி கிடையாது. கேமரா இல்லாத பழைய நோக்கியா ஒன்றைப் பயிற்சிக்கென்றே வாங்கி வைத்திருந்தோம். பூட்ஸ் மட்டும் வெகுகாலம் அலமாரியின் அடியில் கிடந்தது. திரும்பி வந்தபின் ஒருநாள் அதன் அடிப்பள்ளத்தில் ஷோல்வாட்டர் பே புழுதி கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமா என்று ஊசியால் கிளறிப் பார்த்தேன். கிளம்பும் முன் அங்கேயும் எங்களைப் பிரஷ்ஷால் தேய்க்கவைத்திருந்தார்கள்.

அன்புடன்.