மிக்சரில் 48 வோல்ட் பட்டனைப் போட்டால் சாதாரண மைக் பழுதாகுமா?

நல்ல எக்ஸ்எல்ஆர் வயரில் (மூன்று பின் உள்ள மைக் வயர்) மாட்டியிருந்தால் ஆகாது.

அந்தப் பட்டன் போடுவது ஃபாண்டம் பவர். அதாவது, சத்தம் வரும் அதே வயர் வழியாக மிக்சர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம். முல்லைத்தீவில் கோவலன் கூத்துக்கு மேடைக்கு மேலே தொங்கவிடும் கண்டென்சர் மைக்குக்கு இது கட்டாயம் வேண்டும். உள்ளே இருக்கும் சின்னச் சர்க்யூட் அதில்தான் இயங்குகிறது. அறிவிப்பாளர் கையில் பிடிக்கும் சாதாரண மைக்குக்கு, அதாவது டைனமிக் மைக்குக்கு, தேவையில்லை. ஆனாலும் கெடுதல் இல்லை. ஏனென்றால் 2ஆம், 3ஆம் பின் இரண்டிலும் ஒரே 48 வோல்ட்தான் வருகிறது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே நிறை வைத்தால் முள் அசையுமா? அதுபோல, மைக்கின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்குள் மின்சாரம் ஓடாது.

ஆபத்து வயரில்தான். கோயில் வளவில் மிதிபட்டு, ஒரு பின் ஷோர்ட்டாகிவிட்டால் அந்தச் சமநிலை போய்விடும். பழைய ரிப்பன் மைக்கின் மெல்லிய உலோகத் தகடு அதில் கிழிந்தே போகலாம். ரிப்பனுக்கும், மைக் சொக்கெட்டில் மாட்டும் லேப்டொப், போனுக்கும் பட்டனை நிறுத்தியே வையுங்கள்.

சத்தத்தைக் குறைத்து, மைக்கை மாட்டி, அப்புறம் பட்டனைப் போடுங்கள். கழற்றும்போது முதலில் நிறுத்தி, அரை நிமிடம் பொறுங்கள்.

இதைப் போட்டால் டைனமிக் மைக்கின் சத்தம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்சமும் கூடாது, சத்தத்தைக் கூட்டுவது கெயின் திருகுதான்.