தும்புச்சோற்றில் காய்கறி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தும்புச்சோறு என்பது தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள். பொலித்தீன் கூரையும் வலையும் போட்ட கூடாரத்துக்குள், அதைப் பையில் நிரப்பிப் பயிர் செய்பவர்களின் கேள்விகள் இவை. இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைத்தான் சொல்கின்றன: இலை விளிம்பு கருகுகிறது. அதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையில் தும்புச்சோற்றோடு கோழி எருவும் கலக்கலாமா? (வாழைச்சேனை)

வேண்டாம். அதில் உப்பும் உண்டு, எப்போது எவ்வளவு சத்தை விடும் என்று கணக்கிடவும் முடியாது. வெளியில் நிற்கும் கத்தரிக்குப் போடுங்கள்.

தக்காளி 180 கன்று நட்டு இரண்டு கிழமை. இலை விளிம்பு கருகி, வளர்ச்சியும் நின்றுவிட்டது. அல்பேர்ட் கலவையை (நீரில் கரைத்துக் கொடுக்கும் உரம்) கூட்டிக் கொடுத்தும் சரிவரவில்லை. சோறு, தும்பு ஆலையில் மூட்டையாக வாங்கியது. (களுவாஞ்சிக்குடி)

கழுவினீர்களா தம்பி? இரண்டு பக்கக் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. ஈசி (நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மீற்றர் காட்டும் எண், mS/cm அலகில்) அளந்ததாகவும் இல்லை. உப்பில் கருகும் கன்றுக்கு உரத்தைக் கூட்டியது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல. உரமும் உப்புதான்.

இந்தத் தவறை நானும் செய்தவன். என் முதல் கூடாரத்துக்குச் சோறு தந்தவர் ‘கழுவினது, அப்படியே போடலாம்’ என்றார். நம்பினேன். பன்னிரண்டாம் நாள் விளிம்பு கருகத் தொடங்கியது. ஒரு பையில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்து மீற்றரை வைத்தால் 3ஐத் தாண்டி நின்றது. இருநூறு கன்றையும் என் கையாலேயே பிடுங்கினேன். வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் நுனியெல்லாம் தேயிலைச் சாயம் ஏறிக் கிடந்தது. அன்று தொடக்கம் யார் என்ன சொன்னாலும் அளக்காமல் ஒரு பை நிரப்பியதில்லை.

தேங்காய் மட்டையிலேயே பொற்றாசியமும் சோடியமும் குளோரைட்டும் நிறைய உண்டு. கடலோரத்து மட்டை, உவர்நீரில் ஊறிய மட்டை என்றால் சொல்லவே வேண்டாம். நிறத்தைப் பார்த்தோ, கையில் அள்ளிப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கோப்பைச் சோற்றுக்கு இரண்டு கோப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி, அரை மணித்தியாலம் வைத்து, வடித்த நீரை அளந்து பாருங்கள். 0.5க்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் கழுவுங்கள். முதல் தண்ணீர் கடும் பிளேன்ரீ மாதிரி இறங்கும். வெளிறிய பிறகும் மீற்றர் சொல்வதைத்தான் நம்பவேண்டும், நிறத்தை அல்ல.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வெறும் தண்ணீர் தளர்வாக இருக்கும் உப்பைத்தான் கொண்டுபோகும். சோற்றோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொற்றாசியமும் அப்படியே இருக்கும். பிறகு நீங்கள் உரத்தில் கொடுக்கும் கல்சியத்தைச் சோறு பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே தள்ளும். செடிக்குக் கல்சியம் போய்ச் சேராது, ‘காயின் அடி கறுக்கிறது’ என்று அடுத்த கடிதம் வரும். கழுவிய பின் 5 கிலோ கட்டிக்கு (அழுத்திக் காயவைத்த சோறு) 100 கிராம் அளவில் கல்சியம் நைத்திரேற்று கரைத்து ஒரு நாள் ஊறவிட்டு, திரும்ப ஒருமுறை அலசுங்கள். கட்டி ஊறினால் 65, 70 லீற்றர் சோறு வரும், அதற்கு ஏற்ற பீப்பாயில் செய்யுங்கள்.

உங்கள் 180 கன்றுக்கு இப்போது: உரத்தை நிறுத்துங்கள். வடியும் நீரின் ஈசி 2க்குக் கீழே இறங்கும்வரை, மிகக் குறைந்த அளவு கல்சியம் நைத்திரேற்று கரைத்த நல்ல நீரைப் பையூடாக ஓடவிடுங்கள். குருத்து பச்சையாக இருக்கும் கன்று தப்பும்.

எல்லா உரத்தையும் ஒரே தாங்கியில் செறிவாகக் கரைத்து வைக்கலாமா? (சம்மாந்துறை)

கூடாது. கல்சியம் ஒரு தாங்கி, சல்பேற்றும் பொசுபேற்றும் இன்னொன்று. அடியில் வெள்ளையாகப் படிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஜிப்சம். செடிக்குப் போகவேண்டியது தாங்கியில் கிடக்கிறது.

கிணற்று நீரின் ஈசி 2.1. கூடாரம் ஆயிரம் சதுர அடி. தக்காளி செய்யலாமா? (திருக்கோவில்)

அளந்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. இந்த நீரில் உரம் சேர்க்க இடமே இல்லை. ஆனால் கூரை இருக்கிறதே. நம் கிழக்குக் கரைப் பக்கம் வருடத்துக்கு 1600 மில்லிமீற்றர் அளவில் மழை, பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரிவரை. உங்கள் கூரையில் விழுவது மட்டும் ஒரு லட்சம் லீற்றருக்கு மேல். 200 தக்காளிக்கு ஒரு போகம் முழுக்க 50,000 லீற்றர் போதும். பீலி கட்டி, தாங்கியோ பொலித்தீன் விரித்த குளமோ அமையுங்கள். மாரியில் மழைநீரை மட்டும் கொடுங்கள், பிறகு கிணற்று நீரைக் கால்பங்குக்கு மேல் கலக்கவேண்டாம். கலந்த நீரையும் அளந்துதான் உரம் கரைக்கவேண்டும்.

காலையில் ஒரே தடவையாக இரண்டு லீற்றர் விடுகிறேன். போதுமா? (கிரான்)

அளவு சரி, முறை பிழை. அதே இரண்டு லீற்றரை எட்டுப் பத்துத் தடவையாகப் பிரியுங்கள். கடைசித் தடவை பொழுது சாய இரண்டு மணித்தியாலத்துக்கு முன். ஒரு பையின் கீழ் வெட்டிய போத்தலை வைத்து வடிவதைப் பிடியுங்கள்: விட்டதில் ஐந்தில் ஒரு பங்கு வடியவேண்டும், அதன் ஈசியையும் பாருங்கள்.

ஜூலையில் தக்காளிப் பூ முழுக்கக் கொட்டுகிறது. என்ன ஹோமோன் அடிக்கலாம்? (செங்கலடி)

கச்சான் (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) வீசும் மாதங்களில் தாழ்ந்த கூடாரத்துக்குள் பகலில் வெப்பம் 38 பாகை செல்சியசுகூட வரும். 35ஐத் தாண்டினால் மகரந்தம் பயன்படாது, எதை அடித்தும் பயனில்லை. உங்கள் கூடாரம் எட்டடி என்கிறீர்கள். பன்னிரண்டடியாவது வேண்டும், உச்சியில் திறப்பும் வேண்டும். பூக்கும் காலம் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் விழுமாறு விதையுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கொடிக்கயிற்றைத் தட்டிவிடுங்கள், பூவை ஆட்டி மகரந்தம் உதிர்க்க வலைக்குள் காற்றும் தேனீயும் இல்லை.

அடுத்த போகத்துக்கும் அதே சோறா? (காரைதீவு)

வேரை எடுத்து, அலசி, அளந்து, இரண்டு மூன்று போகம் பாவிக்கலாம். வாடல் வந்த பை என்றால் ஒரு நாளும் இல்லை.

பயிர் வாடுகிறது. உடனே மருந்து சொல்லவும். (அக்கரைப்பற்று)

என்ன பயிர், எத்தனை நாள், பை ஈரமா காய்ந்ததா, ஒரு கன்றா ஒரு வரிசையா? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் எதைச் சொல்ல? கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிப்பதால்தான் காசும் போய் கன்றும் போகிறது.

தக்காளி, மிளகாய், கத்தரி என்று வைத்துக்கொள்வோம். இலை பச்சையாக இருக்கவே கன்று தொங்குகிறது, பையும் ஈரம் என்றால், அடித்தண்டில் விரல்நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் நூலாக இறங்கினால் அது பக்ரீரிய வாடல், மருந்து கிடையாது. அந்தப் பையைக் கொட்டாமல் கட்டி வெளியே எடுத்து, அதன் துளிப்பானை அடைத்துவிடுங்கள். கத்தியையும் கையையும் கழுவிய பிறகே பக்கத்துக் கன்றைத் தொடுங்கள். நூல் இறங்காவிட்டால் பையைப் பிழிந்து ஈசி பார்த்து, அந்த எண்ணோடு திரும்ப எழுதுங்கள்.